நம்ம கரையில் யூரோவிஷன் மாதிரி ஒரு பாட்டுப் போட்டி நடத்த முடியுமா?

18 மே 2025, காலை: பாம்பன் தம்பி ஒருவரின் கேள்வி

மீன்பிடித் தடைக்காலம், தொழில் இல்லை. ராத்திரி பன்னிரண்டரையிலிருந்து விடிகாலை நாலரை வரை பசங்க நாலு பேர் ஒரே போனில் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனின் இறுதிச் சுற்று பார்த்தோம். புயலில் ஆடும் படகில் நின்று பாடின ஆஸ்திரியாக்காரர் ஜெயித்தார். இப்படி பல நாட்டுக்காரர்கள் வந்து பாடி, டிவியில் நேரலையாகப் போகிற ஒரு போட்டியை ராமநாதபுரம் கரையில் நடத்த முடியுமா? காசு கிடைத்தால் முடியும் என்பது என் கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

18 மே, மதியம் 2:10

காசு மட்டும் போதும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. மண்டபத்தில் 31 வருஷமாக மைக்செட், லைட் செட் போடுகிறேன். கோயில் கொடை, சந்தனக்கூடு, மாதா கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து எல்லாம் பார்த்தாயிற்று. நானும் அந்த ஃபைனலை முழுசாகப் பார்த்தேன். நீங்கள் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். என் கண் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் இருந்தது.

26 நாட்டுப் பாட்டு. ஒன்று மூன்று நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது. உயிருள்ள பிராணி எதுவும் கூடாது. ஒரு பாட்டு முடிந்ததும் டிவியில் ஒரு குட்டிப் படம் ஓடும், அதற்குப் போஸ்ட்கார்டு என்று பெயர். 1970-இல் ஆம்ஸ்டர்டாமில் வந்த வழக்கம் அது. அந்த வருஷம் 12 நாடுதான் கலந்துகொண்டது, நேரத்தை நிரப்ப வேண்டியிருந்தது, அதற்காகப் போட்டார்கள். இன்றைக்கு அதன் வேலையே வேறு. அந்தப் படம் ஓடுகிற நாற்பது, ஐம்பது வினாடிக்குள் கறுப்புச் சட்டைக்காரர்கள் பழைய பாட்டின் சாமானை வெளியே தள்ளி, புதுச் சாமானைத் தரையில் ஒட்டின குறியில் சரியாக நிறுத்தி, தரையைத் துடைத்து, பாடுகிறவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு ஓடி மறைய வேண்டும். ஒரு ராத்திரியில் 25 தடவை.

நான் போட்ட மேடைகளில் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் ஒருவர் பொன்னாடை போர்த்துவார், ஒருவர் நன்கொடைப் பட்டியல் வாசிப்பார், கூட்டம் கலைய ஆரம்பிக்கும். இதைக் காசால் சரிசெய்ய முடியாது. பழக்கத்தால்தான் முடியும்.

18 மே, இரவு

படகு விஷயம் கேட்டவர்களுக்கு. அந்த மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெளிச்சம், பின்னால் திரை, கேமரா, அவ்வளவுதான். முழுதும் கறுப்பு வெள்ளை. நம்ம பசங்களில் ஒருவன் “அலை இப்படி வந்தால் அணியம் இப்படித் தூக்காதே” என்று சண்டைக்கு வந்தானாம். அணியம் என்றால் படகின் முன்பக்கம். சண்டை போடுகிற அளவுக்கு நம்பினான் பாருங்கள். லைட் போட்டவரின் கையை முத்தமிட வேண்டும்.

19 மே, காலை

“வாத்தியம் எல்லாம் பொய்யாம், டிரம்ஸை சும்மா தட்டுகிறார்களாம், இது என்ன போட்டி” என்று தொண்டிக்காரர் கேட்டிருக்கிறார். உண்மைதான். 1998-இல் பர்மிங்காம் வரைக்கும் மேடைக்குப் பக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா இருந்தது. 1999-இலிருந்து இசை முழுக்கப் பதிவு செய்ததுதான். குரல் மட்டும் நேரடி. பின்பாட்டுக் குரலையும் பதிவில் வைத்துக்கொள்ளலாம் என்று 2021-இல் விட்டுக்கொடுத்தார்கள். முதன்மையாகப் பாடுகிறவர் இன்றைக்கும் அங்கேயே, அப்போதே பாடித்தான் ஆக வேண்டும்.

எனக்கும் முதலில் இது பிடிக்கவில்லை. மதுரையிலிருந்து வரும் இசைக்குழுக்களுக்கு மைக் போட்டவன் நான். ஒரு டிரம் செட்டுக்கு மட்டும் ஏழெட்டு மைக் வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லி, சத்தத்தைச் சமன் செய்து முடிக்க அரை மணி நேரம் போய்விடும். அதை ஐம்பது வினாடியில் 26 குழுவுக்குச் செய்ய முடியாது. அவசரமாகச் செய்தால் ஒருவருக்குத் தபேலா கேட்கும், இன்னொருவருக்குக் கேட்காது. அப்புறம் அது பாட்டுப் போட்டியாக இருக்காது, மைக்செட்டின் போட்டியாகிவிடும். எல்லாருக்கும் ஒரே சத்தம் கிடைக்க வேண்டும் என்றால் அவர்கள் செய்ததுதான் வழி என்று இப்போது நினைக்கிறேன். நாதஸ்வரமும் தவிலும் வந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். தவிலைப் பதிவில் போட்டுக் கையை மட்டும் ஆட்டச் சொல்ல எனக்கு மனசு வராது.

19 மே, மாலை

நகரம் இல்லாத இடத்தில் எப்படி என்பவர்களுக்கு மில்ஸ்ட்ரீட் கதை.

1992-இல் அயர்லாந்து ஜெயித்தது. ஜெயித்த நாடு அடுத்த வருஷம் நடத்த வேண்டும். டப்ளினில் நடத்தியிருக்கலாம். ஆனால் கார்க் மாவட்டத்தில் சுமார் 1,500 பேர் மட்டுமே இருந்த மில்ஸ்ட்ரீட் என்ற ஊரில் ஒருவர், நோயல் டக்கன், குதிரைப் போட்டிக்காகக் கூரை போட்ட ஒரு பெரிய அரங்கம் வைத்திருந்தார். இலவசமாகத் தருகிறேன், இங்கே நடத்துங்கள் என்று ஜெயித்த அன்று ராத்திரியே அயர்லாந்துத் தொலைக்காட்சிக்குக் கடிதம் எழுதிவிட்டார். 1993 மே 15 அன்று 25 நாட்டுப் பாட்டு அங்கேதான் நடந்தது. அந்தத் தொலைக்காட்சி அதுவரை வெளியிடத்திலிருந்து செய்த ஒளிபரப்புகளில் அதுதான் பெரியது. அந்த வருஷமும் அயர்லாந்துதான் ஜெயித்தது.

1,500 பேர் என்றால் நம்ம கணக்கில் ஒரு குப்பம். வேதாளை அதைவிடப் பெரிசு.

ஆனால் அவர்களிடம் கூரை இருந்தது. அதை மறக்கக் கூடாது. நம்மிடம் அந்த அளவுக்குக் கூரை எங்கே இருக்கிறது? ராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் இருக்கிறது, திறந்த வெளி.

21 மே

தனுஷ்கோடி மணலில் மேடை போட்டால் இரண்டு பக்கமும் கடல், அழகாக இருக்குமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். படத்துக்கு அழகுதான். நான் அங்கே போடச் சம்மதிக்க மாட்டேன்.

முதல் காரணம் காற்று. மே மாதம் கச்சான் காற்று தொடங்கினால் தென்கடல் பக்கம் நிற்க முடியாது. 2019 வைகாசியில் ஏர்வாடிப் பக்கம் ஒரு விழாவுக்கு 20 அடிக்கு 12 அடி எல்இடி திரை தொங்கவிட்டிருந்தேன். அஸ்தமன நேரத்தில் காற்று திரும்பியது. திரையைத் தாங்கும் சட்டத்தின் பின் கால் தரையிலிருந்து நாலு விரல்கடை எழும்பியதை என் கண்ணால் பார்த்தேன். எழும்பி, ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்று, மறுபடி உட்கார்ந்தது. கூட்டத்தில் நின்ற வயசான சம்மாட்டி ஒருவர் “பாயை இறக்குடா, பாயை இறக்கு” என்று கத்தினார். அவர் கண்ணுக்கு அது டிவித் திரை இல்லை, படகில் விரித்த பாய். செயின் புல்லியில் திரையைத் தரை மட்டத்துக்கு இறக்கினோம். அன்றைக்கு முன்வரிசையில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். இன்றும் நினைத்தால் கை நடுங்கும். அதற்கப்புறம் கடற்கரை மேடைக்கு முழுத் திரை கட்டுவதில்லை. வலை மாதிரி இடைவெளி விட்ட எல்இடி வருகிறது, காற்று உள்ளே புகுந்து போய்விடும். வாடகை கூடுதல்.

இரண்டாவது எர்த். காய்ந்த மணலில் கம்பியை அடித்தால் எர்த் கிடைக்காது. ஈர மணல் வரும்வரை நாலடி தோண்டி, குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு, நிகழ்ச்சி முடியும்வரை மணிக்கொரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தால் பாடுகிறவர் உதட்டில் மைக் சுரீர் என்று இழுக்கும்.

மூன்றாவது, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. கரையில் ஆமை முட்டையிடும். குஞ்சு பொரித்து வெளியே வந்தால் வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நகரும். நாம் போடுகிற மேடை லைட்டைப் பார்த்துக் கடலுக்குப் போக வேண்டியது ரோட்டுக்கு வந்துவிடும். இது ஒன்றுக்காகவே தனுஷ்கோடி வேண்டாம் என்பேன்.

டிரோன் கேமரா கேட்டீர்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் ஒரு பட்டம்கூட விட யோசிக்க வேண்டும்.

22 மே, இரவு

இதை எழுதலாமா என்று நாலு நாளாக யோசித்தேன்.

2014 பொங்கல். பாம்பன் பக்கத்தில் ஒரு கிராமம். 14 ஊர்க் குழுக்களுக்குப் பாட்டுப் போட்டி. உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று நேரடியாகக் காட்டியது. மைக்செட் என்னுடையது. கடைசியாக ஏறியது ஆறு பெண்கள், கடல்பாசி எடுக்கிறவர்கள். வலை இழுக்கிற அம்பாப் பாட்டின் மெட்டில் பாசி எடுக்கிற வேலையைச் சொல்லித் தாங்களே கட்டின பாட்டு. பாறையில் கால் கிழிவது, விரலில் துணி சுற்றிக்கொள்வது, மூச்சடக்கி முங்குவது எல்லாம் அதில் வந்தது. தாளத்துக்கு அலுமினியத் தட்டு ஒன்று. அதைக் காலில் கட்டிக்கொண்டுதான் தண்ணீரில் நீந்துவார்கள், கடலில் துடுப்பு, அன்று மேடையில் தாளம்.

பாட்டு தொடங்கி ஒரு நிமிஷத்தில் கார்ட்லெஸ் மைக் செத்துவிட்டது. மேடையில் அவர்கள் வாய் அசைகிறது, பாக்ஸில் ஒன்றும் இல்லை. பேட்டரி மாற்றிக் கொடுக்க நான் ஓடினேன். விழாக் குழுவில் ஒருவர், நேரமாகிவிட்டது, அப்படியே முடியட்டும் என்றார். நான் நின்றுவிட்டேன். மிச்சப் பாட்டு முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. டிவியில் பார்த்தவர்களுக்குக் காற்றுச் சத்தம்தான்.

மதிப்பெண்ணில் கடைசி இடம். இறங்கும்போது அதில் ஒரு பெண் மைக்கை என் கையில் கொடுத்து, “அண்ணே, எங்க பாட்டு கேட்டுச்சா?” என்றார். “கேட்டுச்சும்மா” என்றேன்.

1958-இல் ஹில்வர்சமில் இத்தாலிப் பாடகர் டொமெனிகோ மொதுக்னோ முதலாவதாகப் பாடினார். ஒளிபரப்பில் கோளாறு, சில நாடுகளில் அவர் பாடினது தெரியவே இல்லை. எல்லாரும் பாடி முடித்த பிறகு அவரை மறுபடி பாட வைத்தார்கள். 2010-இல் ஆஸ்லோவில் ஸ்பெயின் பாடும்போது வெளியாள் ஒருவன் மேடை ஏறிவிட்டான். கடைசியில் மறுபடி பாட விட்டார்கள். 2018-இல் லிஸ்பனில் பிரிட்டன் பாடகி சூரியின் கையிலிருந்து ஒருவன் மைக்கையே பிடுங்கினான். மறுபடி பாடுகிறீர்களா என்று கேட்டார்கள், அவர் வேண்டாம் என்றார். கேட்டார்கள் இல்லையா, அதுதான். 1958-இல் அவர்களுக்குத் தெரிந்தது 2014-இல் எனக்குத் தெரியவில்லை.

24 மே

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பேச்சை மாற்றுகிறேன்.

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) நடுவர் முறையைக் கேட்டிருந்தார். 1975-இலிருந்து ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுக்கு 12, 10, அப்புறம் 8 முதல் 1 வரை கொடுக்கிறது. தன் நாட்டுப் பாட்டுக்கு யாரும் போட முடியாது. இப்போது நடுவர் குழுவின் புள்ளி தனி, பார்வையாளர் புள்ளி தனி. நடுவர்கள் முந்தின நாள் ராத்திரி நடக்கும் முழு ஒத்திகையைப் பார்த்தே போட்டுவிடுவார்கள். 2023-இலிருந்து போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்களும் இணையத்தில் ஓட்டுப் போடலாம். உலகத்தின் மிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரு நாடு மாதிரி கணக்கு. மண்டபத்திலிருந்தும் போடலாம் என்று அர்த்தம். தன் ஊருக்குத் தானே போடக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் நம்ம ஊர்ப் போட்டியில் வைத்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும் காக்கா.

மில்ஸ்ட்ரீட்டில் ஓட்டு அறிவித்தபோது நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். போஸ்னியாவுக்கு அதுதான் முதல் வருஷம். அதன் தலைநகர் சரயேவோ போரில் முற்றுகையில் இருந்தது. ஓட்டு ஒவ்வொரு நாட்டிலிருந்தும் தொலைபேசியில் வரும். சரயேவோவின் முறை வந்தபோது கரகரவென்று இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் கேட்டது. அரங்கம் முழுக்கக் கைதட்டல். அவர்கள் எத்தனை புள்ளி கொடுத்தார்கள் என்பது யாருக்கு வேண்டும்? லைன் கிடைத்தது, அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

அதைக் கேட்கும்போது எனக்கு எங்கள் வீட்டு ரேடியோ ஞாபகம் வரும். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த கரை இது. ரூபவாஹினி 1982-இல் தொடங்கிய பிறகு, கூரையில் ஏறி ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பினால் எங்களுக்குப் படம் தெரியும். ஒருவர் மேலே, ஒருவர் வாசலில், ஒருவர் டிவி முன்னால். “வருதா?” “வந்துச்சு, போயிருச்சு.” அப்புறம் ராமேஸ்வரத்திலேயே 323 மீட்டரில் தூர்தர்ஷன் கோபுரம் எழும்பியது, இந்தியாவின் டிவி கோபுரங்களிலேயே உயரமானது. ஆனாலும் அந்தக் கிழக்குப் பக்கப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. தலைமன்னார் தனுஷ்கோடியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான்.

அதனால் சர்வதேசம் என்று தம்பி சொன்னதும் எனக்கு 37 நாடு தோன்றவில்லை. பாக் நீரிணைக்கு இரண்டு பக்கம், அப்புறம் மாலத்தீவு, மலேசியா. கடல் பாட்டு உள்ள ஊர்கள். ஆசிய பசிபிக் ஒளிபரப்பு ஒன்றியம் 2012-இல் சியோலில் தொலைக்காட்சிப் பாடல் விழா ஒன்றை மதிப்பெண் இல்லாமலே தொடங்கியது. அவர்களின் வானொலிப் பாடல் விழா 2014-இல் கொழும்பிலேயே நடந்தது. பக்கத்து வீட்டில் நடந்தது நமக்குத் தெரியவில்லை.

27 மே

செலவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், கணக்கு எழுத எனக்குப் பிடிக்காது. இந்த வருஷப் போட்டி நடந்த சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இந்தப் போட்டிக்கு 3 கோடியே 75 லட்சம் பிராங்க் ஒதுக்கினார்கள். அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கி, 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பே நடந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் செலவு செய்யுங்கள் என்றார்கள். ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் பணம் போடலாமா வேண்டாமா என்று ஊரைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த மேடையைவிட இது பெரிசாகப் பட்டது.

காசு போட்டால் எல்லாம் நடக்கும் என்பவர்களுக்கு இன்னொன்று. 2022-இல் டூரினில் மேடை முழுக்க ஒரு பெரிய சூரியன், வளைவு வளைவாகச் சுழல வேண்டியது. நினைத்தபடி சுழலவில்லை. சுழலும் என்று நம்பி வந்த நாடுகள் கடைசி நேரத்தில் தங்கள் காட்சியை மாற்றிக்கொண்டார்கள்.

27 மே, கொஞ்ச நேரம் கழித்து

18-ஆம் தேதி “பழக்கத்தால்தான் முடியும்” என்று எழுதினேன், எப்படிப் பழகுகிறார்கள் என்று சொல்லவில்லை. பாடகர்கள் வருவதற்கு முன்னாலேயே உள்ளூர் மாணவர்கள் போன்றவர்களை அவர்கள் இடத்தில் நிற்க வைத்து முழுப் பாட்டையும் ஓட்டிப் பார்க்கிறார்கள். எந்த வினாடியில் எந்தக் கேமரா என்பது பாட்டோடு சேர்த்துக் கணினியில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். 2021-இல் ராட்டர்டாமில் கொரோனாவுக்குப் பயந்து ஒவ்வொரு நாடும் தன் ஊரிலேயே ஒரு பதிவை எடுத்து முன்கூட்டியே அனுப்பி வைத்தது. ஐஸ்லாந்துக் குழுவில் ஒருவருக்குத் தொற்று வந்து மேடை ஏற முடியவில்லை. அரங்கில் எடுத்த ஒத்திகைப் பதிவையே ஓட்டினார்கள், நாலாவது இடம் வந்தார்கள்.

ஒத்திகையைப் பதிவு செய்து வை. இதற்கு என்ன காசு? ஒரு போன் போதும். 2014-இல் அந்தப் பெண்கள் சாயந்தரம் மேடைக்குப் பின்னால் பாடிப் பார்த்தபோது நான் பக்கத்திலேயே கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

29 மே, இரவு

22-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். பேட்டரி என்று எழுதினேன். பேட்டரி இல்லை.

அன்று என்னிடம் மூன்று கார்ட்லெஸ் மைக் இருந்தது. இரண்டு நல்லது. ஒன்று பழசு, அதன் ரிசீவரிலிருந்து மிக்சருக்குப் போகும் ஜாக்கில் உப்புக்காற்றுப் பட்டுப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. சாயந்தரமே எனக்குத் தெரியும், துணியால் துடைத்துவிட்டு வைத்தேன். பாட்டு எல்லாம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் பேச வேண்டும் என்று 13-ஆவது குழு இறங்கியவுடன் நல்ல மைக் இரண்டையும் துடைத்து, ஸ்டாண்டில் போட்டுத் தயாராக வைத்துவிட்டேன். பாசிப் பெண்கள் கைக்குப் போனது பழசு.

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. விழாக் குழுவில் ஒருவர் தடுத்தார் என்று எழுதினேனே, அவர் தடுத்தது உண்மை. ஆனால் தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது, அது என் கையால் நடந்தது.

30 மே

சின்னப்பாலத்திலிருந்து ஒரு பிள்ளை தனியாக எழுதியிருக்கிறாள். அந்த ஆறு பேரில் ஒருவர் அவளுடைய சின்னம்மாவாம். இப்போது பாசிக்கும் இடைவெளிக் காலம், வீட்டில்தான் இருக்கிறார், வந்து பாருங்கள் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

2 ஜூன்

நேற்றுப் போனேன். பிள்ளை டீ போட்டுக் கொடுத்தாள். அந்த அக்கா திண்ணையில் உட்கார்ந்து வலை மாதிரி ஒரு பையைப் பின்னிக்கொண்டிருந்தார், பாசி போடுகிற பை. விரல் நுனிகளில் பழைய வெட்டுக்கள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. நான் ஜாக், களிம்பு, நல்ல மைக், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டே பின்னினார்.

“மைக் போனது எங்களுக்குத் தெரியவே தெரியாதுண்ணே. நாங்க கத்திப் பாடுறவுக, கடல்ல யாரு மைக் வைக்கிறா? எங்க கோவம் வேற. பதினாலு குழுல எங்களக் கடைசியா விட்டாக. பாடும்போது மணி ஒண்ணு. பிள்ளைக எல்லாம் தூங்கிருச்சு. பாட்டக் கட்டுனதே பிள்ளைக கேக்கத்தான். விடிஞ்சா தண்ணிக்குள்ள எறங்கணும், கண்ணு எரியுது. அதான் உங்ககிட்டக் கேட்டேன், கேட்டுச்சான்னு. எம் பிள்ளைக்குக் கேட்டுச்சான்னு நெனச்சுத்தான் கேட்டேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. பதினோரு வருஷமாக நான் வேறு கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. புது ரயில் பாலத்தின் தூக்கு வழியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். யார் முதலில், யார் கடைசியில் என்பதை அன்று முடிவு செய்தது யார்? குலுக்கவில்லை. வசதியான ஊர்க்காரர்கள் ஏழு மணிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கேட்காதவர்கள் பின்னால் போனார்கள்.

3 ஜூன்

யூரோவிஷனில் வரிசை எப்படி என்று ராத்திரி மறுபடி படித்தேன். 2012 வரை குலுக்கல்தான். 2013 மால்மோவிலிருந்து எந்தப் பாதி என்பது மட்டும் குலுக்கல், அந்தப் பாதிக்குள் இடத்தை நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் முடிவு செய்கிறார்கள். 2024-இலிருந்து சிலருக்கு எந்தப் பாதி என்பதும் அவர்கள் கையில்தான். வேகமான பாட்டுக்கு அடுத்து மெதுவான பாட்டு, பெரிய சாமானுக்கு அடுத்து சாமான் இல்லாதது என்று வரிசையைக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் காரணம். மேடைக்காரனாக எனக்கு அது புரிகிறது. 18-ஆம் தேதி கேட்டிருந்தால் கைதட்டியிருப்பேன். திண்ணையில் உட்கார்ந்து வந்த பிறகு அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவர்களுக்கு எல்லாப் பாட்டும் ஒரே ராத்திரி, ஒரே அரங்கம், பாடுகிறவர்களுக்கு மறுநாள் விடுப்பு. நம்ம கரையில் ஒரு மணிக்கும் ஏழு மணிக்கும் உள்ள தூரம் வேறு.

மைக், கூரை, காற்று என்று இவ்வளவு எழுதினேன். நேரத்தை மேடை வேலையாகவே நான் எண்ணவில்லை.

7 ஜூன்

பாம்பன் தம்பி நேரில் வந்தார். 37 நாட்டை அப்புறம் பார்ப்போம், தடைக்காலம் முடிவதற்குள் ஏழு ஊரை வைத்து ஒன்று செய்வோம் என்கிறார். 14-ஆம் தேதியோடு தடை முடிகிறது. அதற்கப்புறம் விசைப்படகுப் பசங்களைப் பிடிக்க முடியாது. 12-ஆம் தேதி வியாழக்கிழமை வைக்கிறோம். இடம் வடகடல் பக்கம், பள்ளிக்கூடச் சுவரின் மறைவில். தென்கடல் பக்கம் இப்போது கச்சான் காற்று நிற்க விடாது.

பாட்டு நாலு நிமிஷம் வரை போகலாம், மூன்று நம்ம பாட்டுக்குப் போதாது. மேடையில் ஆறு பேர் என்ற விதியை எடுத்துவிட்டோம், அம்பா இழுக்கக் கூட்டம் வேண்டும். தன் ஊருக்குத் தானே மதிப்பெண் போட முடியாது. கோளாறு எங்கள் பக்கம் என்றால் மறுபடி பாடலாம், பாடுகிறவர் விரும்பினால். இதைத் தம்பி அட்டையில் பெரிதாக எழுதி மேடைக்குப் பின்னால் கட்டப் போகிறார். பொன்னாடை, நன்கொடைப் பட்டியல் இரண்டும் எல்லாப் பாட்டும் முடிந்த பிறகுதான். பாம்பன் கடல் ஓசை வானொலியில் ஒலிபரப்புவார்களா என்று கேட்கத் தம்பி போயிருக்கிறார்.

டிவி கிடையாது. வருத்தமில்லை.

10 ஜூன்

வரிசைக்குச் சீட்டுக் குலுக்கினோம். அதற்கு முன்னால் ஒன்று கேட்டோம்: குழந்தைகள் கேட்க வேண்டும் என்று யார் குழுவிலாவது இருக்கிறதா? பாசிப் பெண்கள் கை தூக்கினார்கள். இன்னொரு ஊரிலும் ஒரு கை எழுந்தது, பத்து வயசுப் பையன்கள் பாடுகிற குழு. அந்த இரண்டுக்கும் முதல் இரண்டு இடம். மிச்சம் ஐந்துக்குக் குலுக்கல். கடைசி இடம் விழுந்த ஊர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு ஏழரை மணிக்கு மேல் போகாது என்று சத்தியம் செய்திருக்கிறேன். அதற்கு ஏற்றிறக்கம் மூன்று நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். மூன்று நாளாக என் பசங்களை வைத்து, பாட்டே இல்லாமல், சாமானை ஏற்றி இறக்கிப் பழகுகிறோம். முதல் நாள் ஒன்பது நிமிஷம். நேற்று ஐந்து. இன்றைக்கு நாலே கால்.

12 ஜூன், மதியம்

கார்ட்லெஸ் மைக் நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். இரண்டு சொந்தம், இரண்டு பரமக்குடியிலிருந்து வாடகைக்கு. ஜாக்குகளை நேற்றே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, டப்பாவில் அரிசி போட்டு அதற்குள் வைத்திருக்கிறேன். ஒத்திகையை ஏழு குழுவுக்கும் போனில் பதிவு செய்தாயிற்று. ஏற்றிறக்கம் மூன்று நிமிஷம் ஐந்து வினாடியில் நிற்கிறது, அந்த ஐந்து வினாடி போக மாட்டேன் என்கிறது. முதல் பாட்டு மாலை 6:40. அந்த அக்காவின் மகன் இப்போது கல்லூரி முடித்துச் சென்னையில் இருக்கிறானாம், ராத்திரி பஸ் ஏறி வந்திருக்கிறான். முன்வரிசையில் நாற்காலி போட்டுவிட்டேன்.

எர்த் குழியில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது. போய் ஊற்ற வேண்டும்.